உப்பு வீசும் வரிசை

ஷோவா 37 (1962), ஜனவரி 30

கஷிமா சாமியின் சந்நிதிக்கு,

கமியோகி கிராமம், ஆற்றோர வீட்டு ஹத்சுயோ, வயது முப்பத்தாறு, எழுதி வைக்கும் வேண்டுதல். உங்கள் உடம்புக்கு என்ன வந்துவிடப்போகிறது. ஆனாலும் கேட்பது மரியாதை. நலமாக இருக்கிறீர்களா? உங்கள் கூரையில் நாலடிப் பனி நின்றது. ஏறித் தள்ளிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தம்பி கென்கிச்சியை உங்களுக்குத் தெரியும். பதினாறு வயதில் உங்கள் வாசலில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டவன். கல்லில் அவன் பெயர் இருக்கிறது. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. அவனையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன், பெண் கேட்டு வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது தோக்கியோவில் சூமோ மல்லனாக இருக்கிறான். இன்னும் ஒரு படி ஏறினால் மேல்வரிசை. மேல்வரிசைக்காரன்தான் கோதாவில் உப்பை அள்ளி வீசலாம், கீழே இருப்பவனுக்கு அந்த உரிமை கிடையாது. நீங்களே எதிராளியின் கையை இளங்கோரைபோல் கசக்கித் தூக்கி எறிந்தவர். ஒரு படி என்பது உங்களுக்கு என்ன பெரிய காரியம்?

நான் சொல்வது இதுதான். என் தம்பி கோதாவில் நின்று உப்பை அள்ளி வீசும் நாள்வரை என் நாக்கில் உப்புப் படாது. உப்பில் ஊறிய மிசோ இல்லை, சோயா இல்லை, ஊறுகாய் இல்லை. உங்களை மிரட்டுவதாக நினைக்கவேண்டாம். ஆனால் எத்தனை நாள் என்னை இப்படி வைத்திருக்கப்போகிறீர்கள் என்பது உங்கள் கையில்.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். அவனுக்கும் சொல்லவில்லை. மடித்து உங்கள் காணிக்கைப் பெட்டிக்கு அடியில் வைக்கிறேன்.

ஹத்சுயோ


பிப்ரவரி 3

தம்பி கென்கிச்சிக்கு,

பனி இன்னும் விடவில்லை. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா? முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்கிறாயா?

ஜனவரிப் போட்டியில் ஏழுக்கு ஐந்து ஜெயித்தாய் என்று எழுதியிருந்தாய். பூசாரி ஓனோதேரா ஐயாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை படிம்மா" என்றார். பக்கத்து வீட்டு கிகுவே மட்டும், "ஜெயிக்காத ரெண்டு எதுக்கு?" என்று கேட்டாள். அவள் புருஷன் ஒரு பசுவைக் கட்டி இழுக்கத் தெரியாதவன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூட்டுறவுக் கடையில் டெலிவிஷன் வைத்திருக்கிறார்கள். நீ உப்பு வீசும் நாளில் முன்வரிசையில் எனக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கை நிறைய அள்ளி வீசு. கஞ்சத்தனமாகக் கிள்ளி வீசினால் அங்கேயே வந்து காதைத் திருகுவேன்.

சாமியிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். என்னவென்று கேட்காதே.

அக்கா


பிப்ரவரி 24, கவாசாகி

டேய் தோக்குசோ,

நம் மல்லர் கூடத்தில் எல்லாரும் சௌக்கியமா? சமையல் முறை இந்த வாரம் உன்னுடையதா?

இத்துடன் இன்னொரு உறை இருக்கிறது. அக்காவுக்கு. அதைக் கூடத்துக்குப் பக்கத்துத் தபால்பெட்டியில் போட்டுவிடு, தோக்கியோ முத்திரை விழட்டும். அவள் கடிதம் அங்கே வந்தால் எனக்கு இந்த முகவரிக்கு அனுப்பு. வஸ்தாதுக்குத் தெரியவேண்டாம்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பயிற்சியில் அன்றைக்கு உள்ளே ஏதோ அறுந்தது, உனக்கே சத்தம் கேட்டதே. இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சூமோவை விட்டுக் குடுமியை வெட்டிய பிறகு தலை லேசாக இருக்கிறது, கழுத்துதான் பழகவில்லை. ஒரு பொதுக் குளியல்கூடத்தில் கொதிகலனுக்கு அடுப்பெரிக்கிறேன். வியர்வைக்கு என்று முதலாளியம்மா ஒரு கிண்ணம் உப்பு வைத்திருக்கிறாள், நக்கிக்கொண்டே எரிக்க வேண்டியதுதான்.

அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? பதினெட்டு வயதிலிருந்து எனக்காகவே இருந்தவள். ஜெயித்தேன் என்று பொய் சொல்லமுடியாது, மேல்வரிசைக்குப் போனால் செய்தித்தாளில் வரும். கொஞ்சத்தில் தோற்றேன் என்று சொல்லலாம். கொஞ்சத்தில் தோற்றவனை யாரும் தேடமாட்டார்கள். மெல்ல மெல்ல அவளே ஆசையை விட்டுவிடுவாள். அதுவரைக்கும்தான்.

கென்கிச்சி


பிப்ரவரி 24

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குளிர் குறையவில்லையே, உடம்பைப் பார்த்துக்கொள். கூரைமேல் ஏறாதே, கிகுவே புருஷனை ஏறச்சொல்.

நான் நன்றாக இருக்கிறேன். காலும் நன்றாக இருக்கிறது. மார்ச்சில் ஒஸாக்காவில் போட்டி. இந்தத் தடவை எதிரே நிற்பவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள், அதனால் ரொம்ப எதிர்பார்க்காதே. தோக்குசோ நேற்று வைத்த குழம்பில் உப்பு கரித்தது, எல்லாரும் திட்டினார்கள். உன் கையால் செய்த முள்ளங்கி ஊறுகாயை நினைத்துக்கொண்டேன். இந்த வருஷமும் பீப்பாய் நிறையப் போட்டிருப்பாய். எனக்கும் சேர்த்து நீ சாப்பிடு.

கென்கிச்சி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

பனி உருகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் இரைச்சல், பேசினால் காது கேட்கவில்லை. நீ சுகமா?

மூன்று வெற்றி, நாலு தோல்வி. ஒன்றே ஒன்றில் போயிற்றே என்று எழுதியிருந்தாய். அந்த ஒன்றை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமில்லை. உன்மேல் கோபமில்லை, சாமிமேல்தான். போய்க் கேட்டேன். கல் மாதிரி இருக்கிறார். கல்லைத் தூக்கியவன் நீதான், அவரை யார் தூக்குவது?

நாற்றங்காலில் இறங்கியிருக்கிறேன். இந்த வருஷம் கெண்டைக்கால் அடிக்கடி இழுத்துப் பிடிக்கிறது. வயசு, வேறென்ன. குனிந்து நிமிர்ந்தால் வரப்பு ஒரு சுற்று சுற்றிவிட்டு நிற்கிறது. கிகுவே அவள் வீட்டு மிசோ சூப்பைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ஊறுகாய் பீப்பாய் திறக்காமல் இருக்கிறது, நீ வந்து திறக்கலாம்.

மே மாதத்து வரிசைத்தாள் அச்சானதும் எனக்கு ஒன்று அனுப்பு. ஒவ்வொரு தடவையும் அனுப்புவாயே. உன் பெயர் எறும்பு அளவுதான் இருக்கும், ஆனாலும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். அடுத்த போட்டி உனக்குத்தான். சீக்கிரம் ஏறு கென்கிச்சி. சீக்கிரம் ஏறினால் நல்லது.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்தாயா? நான் சுகம்.

இந்தத் தடவையும் மூன்று நாலு. கடைசி நாள் அவன் என் இடுப்புக் கச்சையைப் பிடிக்கும்வரை நான்தான் முன்னால் இருந்தேன். ஒரு விரல்கடைதான். ஜூலையில் பார்க்கலாம் என்று வஸ்தாது சொன்னார்.

வரிசைத்தாள் கூடத்தில் தீர்ந்துவிட்டது, மன்னித்துக்கொள். அடுத்த தடவை கட்டாயம்.

அக்கா, நான் மேலே வராமலே போனால் உனக்கு ரொம்ப வருத்தமாக இருக்குமா? சும்மா கேட்கிறேன்.

கென்கிச்சி


ஜூன் 21

தம்பி,

நடவு முடிந்தது. மழை விடாமல் பெய்கிறது. சுகமா?

உன் கேள்வியைப் பார்த்தேன். அதற்குப் பதில் தபாலில் எழுதுகிற பதில் இல்லை. எழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைக்காதே, கைவிரல்கள் இரண்டு நாளாகச் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. நீ சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாகச் சாப்பிடு. காலைக் குளிரில் காட்டாதே.

அக்கா


ஆகஸ்ட் 6

திரு. கென்கிச்சி அவர்களுக்கு,

கஷிமா கோயில் பூசாரி ஓனோதேரா எழுதுவது. இந்த வெயிலில் தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். சிறுவயதில் ‘வாடா போடா’ என்று கூப்பிட்ட பிள்ளைக்கு இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் செய்தி அப்படி.

உன் அக்கா போன வாரம் களையெடுக்கும்போது வயலிலேயே விழுந்தாள். தண்ணீரில் முகம் குப்புற. கிகுவே பார்த்ததால் பிழைத்தாள். அடுத்த ஊர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் உப்பே இல்லை, எத்தனை மாதமாக இப்படி என்று டாக்டர் கேட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? மயக்கத்தில் இருக்கும்போது ஒரு பாட்டில் ஏற்றினார். கண் விழித்ததும், "இது என்ன டாக்டர்?" என்று கேட்டாள். அந்த மனுஷன் உப்புத்தண்ணீர் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். கையில் ஏறியது நாக்கில் பட்டதாகாது என்று நானே சத்தியம் செய்தேன். நம்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கஞ்சியில் ஒரு சிட்டிகை கலந்தாலும் கண்டுபிடித்துப் பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.

செப்டம்பர் விழாவுக்காகச் சந்நிதியைச் சுத்தம் செய்தபோது பெட்டிக்கு அடியில் அவள் எழுதிய வேண்டுதல் கிடைத்தது. சாமிக்கு எழுதியதை மனிதன் படிக்கக்கூடாது, படித்தேன். நீ கோதாவில் உப்பு வீசும் நாள்வரை அவள் உப்புத் தொடமாட்டாள். அதை அவிழ்க்க எனக்கு உரிமை இல்லை. நேர்ந்தவள் அவிழ்க்கவேண்டும், இல்லையென்றால் நிறைவேறவேண்டும். முதலாவதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மேல்வரிசைக்கு இன்னும் எத்தனை நாள் ஆகும்? ஆகுமென்றால் சீக்கிரம் ஆகட்டும். ஆகாதென்றால், வா. குளிர் வரைக்கும் தாங்குவாள் என்று டாக்டர் சொல்லவில்லை.

ஓனோதேரா


ஆகஸ்ட் 28

டேய் கென்,

தோக்குசோ. நான் சுகம், மற்றதெல்லாம் அப்புறம்.

வடக்கே சுற்றுப்பயணம் போய் நேற்றுத்தான் கூடத்துக்குத் திரும்பினோம். செருப்பு அலமாரிமேல், இத்துடன் வைத்திருக்கும் இந்தக் கடிதம் கிடந்தது. மூன்று வாரமாகக் கிடந்திருக்கிறது. மேலே கோயில் முத்திரை இருந்ததால் பிரித்துப் பார்த்துவிட்டேன், அடிப்பதானால் அடி. உன் ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளித்தான் எங்கள் கோதா போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி அங்கே நின்று நான் தின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதேடா.

நீ சொன்னபடி ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் பெட்டியில் போட்டேன். ‘மூன்று நாலு, மூன்று நாலு’ என்று. என் கையும் இதில் இருக்கிறது. போ. உடனே போ.

தோக்குசோ


ஆகஸ்ட் 30, கவாசாகி

அக்கா,

சுகமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதியோடு என் சூமோ முடிந்துவிட்டது. முழங்கால் அறுந்துபோயிற்று. குடுமி இல்லை. ஒஸாக்காவுக்கு நான் போகவே இல்லை. மூன்று வெற்றி நாலு தோல்வி எல்லாம் இந்த அடுப்படியில் உட்கார்ந்து நான் எழுதியது. உன் மனசு நோகாமல் இருக்கட்டும் என்றுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றேன். நான் ஒவ்வொரு தடவை கொஞ்சத்தில் தோற்கும்போதும் நீ இன்னும் இரண்டு மாசம் பட்டினி மாதிரி கிடந்திருக்கிறாய். ஒரேயடியாகத் தோற்றிருந்தால் உன்னைக் காப்பாற்றியிருக்கலாம்.

நான் உப்பு வீசும் நாள் வராது அக்கா. அப்படி ஒரு நாளே இல்லை. இல்லாத நாளுக்காக நீ காத்திருக்காதே. தயவுசெய்து சாப்பிடு. ஒரு துண்டு ஊறுகாய். சாமி என்ன செய்வதானாலும் எனக்குச் செய்யட்டும்.

நேற்றும் இன்றும் உவேனோ ஸ்டேஷன் வரை போனேன். டிக்கெட் கையில் இருந்தது. வண்டி கிளம்பும்போது கால் வரவில்லை. எந்த முகத்தோடு உன் வாசலில் வந்து நிற்பேன்? வா என்று ஒரு வார்த்தை எழுது.

கென்கிச்சி


செப்டம்பர் 5

கென்கிச்சிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல ஓனோதேரா எழுதுகிறேன். அவள் வார்த்தைகளை மாற்றவில்லை.

வெயில் தணிந்திருக்கிறது. நீ சுகமா? காலில் வலி இருக்கிறதா?

எனக்கு மே மாதமே தெரியும். நீ வரிசைத்தாள் அனுப்பாததால் பூசாரி ஐயா டவுனிலிருந்து ஒன்று வாங்கிவந்தார். அவருடைய பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தேடினேன். எறும்பு எறும்பாக எல்லாருடைய பெயரும் இருந்தது. உன்னுடையது இல்லை. ஐயாவிடம் "இருக்கு, கண்டுபிடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும்போது அவர் என்னை முறைக்கிறார்.

பெயரும் இல்லை, நீ எங்கே இருக்கிறாய் என்றும் தெரியவில்லை, ஆனால் உன்னிடமிருந்து கடிதம் மட்டும் வருகிறது. அப்போது எனக்கு என்ன பயம் தெரியுமா? நான் உப்பைத் தொட்ட நாளில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாக்கை நான் முறித்து, அதற்குச் சாமி உன்னை எடுத்துக்கொண்டால்? ஜெயிப்பது கிடக்கட்டும், உயிரோடு இருக்கிறானே, அதுவரை போதும் என்றுதான் விடாமல் பிடித்துக்கொண்டேன். நீயே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஆறு மாசம் எடுத்துக்கொண்டாய், மடையா.

வாக்கு வாக்குதான். அவிழ்க்கமாட்டேன். சாப்பாட்டைப் பற்றி வந்து பேசாதே. ஆனால் வா.

அக்கா


செப்டம்பர் 17, கமியோகி

டேய் தோக்குசோ,

நீ சுகமாக இருக்கிறாயா? நான் வீட்டில் இருக்கிறேன்.

வந்த அன்று அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. படுக்கையில் ஒரு சின்னப் பொதி மாதிரி கிடந்தாள். முதலில் என் தலையைத் தடவினாள், குடுமி இருந்த இடத்தை. "முடி அடர்த்தியாத்தான் வளருது" என்றாள். நான் அழுதேன். சாப்பிடச் சொல்லிக் காலைப் பிடித்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நேற்று முன்தினம் கோயில் மல்யுத்த விழா. உனக்குத் தெரியாது, எங்கள் கோயில் கோதாவில் பூசாரிதான் உப்புத் தெளிப்பார். ஊர் மல்லன் எவனும் அந்தத் தட்டைத் தொடக்கூடாது. மேல்வரிசைக்காரன் ஒருவன் இந்த ஊரில் வந்தால் அவன்தான் தொடலாம் என்று என் தாத்தா காலத்துக்கும் முன்னால் இருந்து ஒரு கட்டு. இதுவரை யாரும் வரவில்லை. அதற்காகத்தானே ஊர் என்னை அனுப்பியது.

அக்காவை ஜன்னல் பலகையில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிவந்து தேவதாரு மரத்தடியில் இறக்கினார்கள். நான் கச்சை கட்டிக்கொண்டு கோதாவில் ஏறினேன். எதிரே பால்வண்டி கோன்சோ. வெட்டிய தலையோடு என்னைப் பார்த்ததும் ஊருக்கு விளங்கிவிட்டது.  நேராகப் பூசாரி ஐயாவிடம் போய்த் தட்டுக்குக் கை நீட்டினேன்.

"உனக்கு உரிமை இல்லை, தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சே எடுத்தா சாமி குத்தம். அது யார்மேல விழும்?"

"என்மேல. அக்கா மேல ஒண்ணும் விழக்கூடாது. அவ நேர்ந்ததையும் சேர்த்து என் கணக்குல எழுதிக்கச் சொல்லுங்க சாமியை."

அவர் தட்டைக் கொடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அள்ளினேன். கை நிறைய. கூட்டத்தில் ஒரு கிழவர் "ஏய், வைடா அதை" என்று கத்தினார். முழங்காலை நீட்டியபடி வைத்துக்கொண்டு கோதா முழுக்க விழும்படி வீசினேன். வெயிலில் வெள்ளையாகப் போய் விழுந்தது.  என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய திருட்டு அதுதான் தோக்குசோ, முந்நூறு பேர் பார்க்கச் செய்தேன்.

பிறகு கோன்சோ என்னை இரண்டு மூச்சில் வெளியே தள்ளினான். பாவம், அவன் மெதுவாகத்தான் தள்ளினான்.

விழுந்த இடத்திலிருந்து நொண்டிக்கொண்டு அக்காவிடம் போனேன். யாரும் வழிவிடவில்லை, நானே விலக்கிக்கொண்டு போனேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோழிக்குத் தீனி போடற மாதிரி வீசுறியே" என்றாள்.

"அக்கா, உரிமை இல்லாம எடுத்துட்டேன்."

"பார்த்தேன். அவரும்தான் பார்த்தாரு. இடி விழுந்துச்சா? இல்லல்ல."

என் வலது கையைப் பிடித்து இழுத்தாள். பலமே இல்லை, நான்தான் குனிந்து கொடுத்தேன். உள்ளங்கையை விரித்தாள். ரேகைகளில் கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்தது. அதை நாக்கால் தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "கரிக்குது" என்றாள். பிறகு என் கையை விடாமல் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனக்குத் தெரிந்து அம்மா போனபோதுகூட அழவில்லை.

நேற்றுக் காலை ஊறுகாய் பீப்பாயைத் திறந்தேன். ஒரு துண்டு கேட்டாள். உள்ளே நிற்கவில்லை, வாந்தி எடுத்துவிட்டாள். அவசரப்படக்கூடாது, கஞ்சியில் சிட்டிகை சிட்டிகையாக என்று டாக்டர் சொல்கிறார். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று இன்னும் அவருக்கே தெரியவில்லை. கையில் ஊசி போட இப்போது விடுகிறாள். இன்று மூன்று கரண்டி நின்றது. நாளைக்கு நாலு பார்ப்போம்.

ஊரில் என்னோடு யாரும் பேசுவதில்லை. கல்லில் என் பெயரைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும் என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள். எடுக்கட்டும். கிகுவே மட்டும் மிசோ சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள்.

உன் தபால் வேலை முடிந்தது, தோக்குசோ. எனக்கு அங்கே எந்தக் கடிதமும் இனி வராது. அக்கா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் எழுந்து போய்ச் சொல்லிவிடுவேன்.

கென்கிச்சி